பன்னிரண்டு நாள் விருந்தாளிகள்



திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைத் தாண்டி, அமரவிளையில் ஆற்றுப் பாலத்தையும் கடந்தால் பாறசாலை வந்துவிடும். அதற்கு அப்பால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. பேருந்தில் கண்ணயர்ந்தவருக்கு எல்லை எது என்று தெரியாது. இருபுறமும் அதே ரப்பர்த் தோட்டம், அதே வாழை, அதே மரச்சீனி. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நேசமணி அவர்களின் தலைமையில் போராடியவர்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் கேட்டார்கள். அது கேரளத்திலேயே நின்றது. நீங்கள் பிழைப்பை நாடி மும்பைக்கும் தில்லிக்கும் பெங்களூருக்கும் சென்று வேற்று மாநிலத் தமிழர் ஆனீர்கள். பாறசாலைப் பக்கத்துத் தமிழரோ தம் திண்ணையை விட்டு எழுந்திராமலே அந்நிலையை எய்தினர். மூன்றாண்டு கழித்து, 1959-இல், தென்னிந்தியத் திருச்சபையின் தென்திருவிதாங்கூர்ப் பேராயமும் கன்னியாகுமரி என்றும் தென்கேரளம் என்றும் இரண்டாயிற்று.

இவ்வூர்களில் பல குழந்தைகள் வீட்டில் பேசுவது தமிழ். பாடம் கேட்பது மலையாளத்தில். 'பள்ளி' என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அது கல்விச்சாலை. மலையாளத்தில் அது வழிபாட்டிடம். 'பள்ளிக்குப் போகிறேன்' என்று ஓடுகிற குழந்தை எங்கே ஓடுகிறது என்பது, அந்நேரம் அது எந்த மொழியில் நினைக்கிறது என்பதைப் பொறுத்தது. இத்தகைய குழந்தைகளுக்குத் தொண்டு செய்யவென்று கடல் கடந்து வந்து, பத்து நாளோ பன்னிரண்டு நாளோ தங்கிப் போகும் கிறிஸ்தவ அன்பர்களைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன். உங்களில் சிலருடைய பிள்ளைகளும் கல்லூரி விடுமுறையில் இத்தகைய குழுக்களோடு நேபாளத்துக்கும் கம்போடியாவுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் புறப்படுகிறார்கள். ஆதலால் இது பிறர் வீட்டுக் கதை அன்று.

நான் கல்லூரி மாணவனாயிருந்தபோது, பாறசாலைக்கு அடுத்த ஒரு சிற்றூருக்கு அப்படி ஒரு குழு வந்தது. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு நாள். எனக்கு மொழிபெயர்ப்பாளன் வேலை. ஊதியம் ஒன்றுமில்லை, ஆனால் வெள்ளைக்காரர்களோடு ஆங்கிலம் பேசுகிறவன் என்ற பெருமை ஊரில் கிடைத்தது, அது போதுமானதாயிருந்தது. வந்தவர்கள் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொந்தச் சம்பாத்தியத்தைச் சேர்த்து வைத்துப் பயணச் செலவைத் தாங்கியவர்கள். வெயிலில் முகம் சிவக்கக் குழந்தைகளோடு ஓடியாடினார்கள். மரச்சீனியும் மீன்கறியும் உண்டு, காரத்தில் கண்ணீர் வடித்துக்கொண்டே சிரித்தார்கள். காலையில் பாட்டு, பிறகு கதை, பிறகு வண்ணத்தாள் வெட்டி ஒட்டுதல், மாலையில் பந்தாட்டம். மிட்டாயும் பலூனும் நாள்தோறும் உண்டு.

அக்குழந்தைகளுள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. தகப்பன் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன், தாய் இல்லை, பாட்டியின் கையில் வளர்ந்தாள். வந்தவர்களுள் ஓர் இளம்பெண்ணோடு அவள் ஒட்டிக்கொண்டாள். அவர் மடியில் இவள் இருப்பாள். இவள் தலைமயிரை அவர் பின்னிவிடுவார். ஒவ்வொரு நாள் மாலையும் என்னிடம் வந்து, "அண்ணா, அந்த அக்கா நாளைக்கும் வருமா?" என்று கேட்பாள். "வரும்" என்பேன். பதினொரு மாலை அது உண்மையாயிருந்தது. பன்னிரண்டாம் நாள் அந்தப் பெண் அழுதார். 'உன்னை மறக்கமாட்டேன், என்றாவது ஒருநாள் திரும்பி வர முடியும் என்று நம்புகிறேன்' என்னும் கருத்துப்படச் சொன்னார். அதை நான் எப்படிப் பெயர்த்தேன்? "அக்கா திரும்பி வரும்" என்றேன். ஆங்கிலத்தில் இருந்த ஐயம் என் தமிழில் விழுந்துபோயிற்று. குழந்தை அழுதுகொண்டிருந்தது; வண்டி புறப்பட நேரமாகிவிட்டது; அந்த நேரத்துக்கு அதுதான் எளிதாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவ்வழியே சைக்கிளில் சென்றேன். கோயிற்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் காற்றுப்போன பலூன் ஒன்று இருந்தது என்று சொன்னால் கதைக்கு அழகாயிருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, எனக்குப் பின்னால் யாரேனும் வருகிறார்களா என்று பார்த்தாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் நான் வேறு வழியாகச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டேன்.

அவ்வூரில் ஞாயிறு பள்ளி நடத்திய டீச்சர் ஒருவர் இருந்தார். பல ஆண்டுகளாக, சம்பளமின்றி, ஒரு கரும்பலகையும் பழைய நாட்காட்டிகளிலிருந்து வெட்டியெடுத்த படங்களும் கொண்டு நடத்தியவர். விருந்தினர் வந்த பன்னிரண்டு நாளும் அவருக்குக் கிடைத்த பணி தேநீர் கொடுப்பதும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதும். அவர்கள் போனபின் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பாதியாகக் குறைந்தார்கள். வந்தவர்களும் பலூன் எங்கே என்று கேட்டார்கள். "தம்பி, அவங்க பன்னிரண்டு நாள் கொடுத்ததை நான் பன்னிரண்டு வருசம் கொடுக்க முடியுமா?" என்று அவர் என்னைக் கேட்டார். குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.

இந்தக் கணக்கைத்தான் நான் பேச எடுத்துக்கொண்டேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. பெரியவர்கள் அதை அறிவார்கள்; விருந்தினர் போவார் என்பது தெரிந்தே வரவேற்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தப் பழமொழி தெரியாது. தன்னை மடியில் இருத்தியவர் தன்னவர் என்று அது நினைக்கிறது. கிணறு வெட்ட வந்தவர் பத்து நாளில் வெட்டிவிட்டுப் போகலாம்; தண்ணீர் நிற்கும். பல் பிடுங்க வந்தவர் ஒரே நாளில் போகலாம். குழந்தையின் அன்பைப் பெறுகிறவர் அப்படிப் போக முடிவதில்லை.

இதே மண்ணில் முன்பு வந்தவர்களைப் பாருங்கள். 1806-இல் ரிங்கல்தௌபே, வேதமாணிக்கத்தின் அழைப்பின்பேரில் மயிலாடிக்கு வந்தார். 1818-இல் மீட் ஐயர் நாகர்கோவிலுக்கு வந்தார். (பாதிரிமாரை 'ஐயர்' என்று அழைப்பது நம் தென்கோடியின் வழக்கம், வடநாட்டில் பிறந்து வளர்ந்த உங்கள் பிள்ளைகள் 'மீட் ஐயர்' என்று கேட்டு அவர் எந்த அக்கிரகாரம் என்று வினவக்கூடும்.) 1819-இன் இறுதியில் மால்ட் ஐயரும் அவர் துணைவியார் மார்த்தா அம்மையாரும் வந்து சேர்ந்தனர். அம்மையார் நாகர்கோவிலில் பெண் குழந்தைகளுக்குத் தங்கிப் படிக்கும் பள்ளியும், அதனோடு சரிகைப் பின்னல் போன்ற லேஸ் வேலையும் தொடங்கினார். அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண் குழந்தைகளும் அங்கே பயின்றனர். பின்னல் வேலையால் ஈட்டிய பணத்தைக் கொண்டு தம் விடுதலையை வாங்கினோரும் உண்டு என்று மிஷன் ஏடுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855-இல்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மால்ட் குடும்பத்தார் இங்கே இருந்தது முப்பது ஆண்டுகளுக்கு மேல். அவர்கள் மகள் எலிசா 1822-இல் நாகர்கோவிலிலேயே பிறந்தார். ஊர்க் குழந்தைகளோடு வளர்ந்து பேச்சுத் தமிழை அவர்களிடமே பெற்றார். 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து, இடையன்குடியில் பெண்களுக்குப் பள்ளியும் லேஸ் வேலையும் நடத்தினார். 1856-இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை நாம் அறிவோம். அதன் ஆசிரியர் வீட்டில், தெருக் குழந்தைகளின் தமிழைப் பிறவியிலேயே பெற்ற ஒருவர் இருந்தார் என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

பாறசாலையும் 1840-களில் தனி மிஷன் வட்டமாயிற்று; ஜான் ஆப்ஸ் அங்கே பணியாற்றினார். 1870-இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே, திருவிதாங்கூரில் இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் என்று குறித்தார். இருபத்திரண்டு ஆண்டு! எங்கள் விருந்தினர் தம் சட்டைகளில் பயணத்தின் பெயரையும் ஆண்டையும் அச்சடித்திருந்தனர்.

இந்தப் பழைய ஐயர்மாரைக் குறையற்றவர்களாக்க நான் விரும்பவில்லை. ஆளும் இனத்தவர் என்ற செருக்கு அவர்களுள் பலரிடம் இருந்தது. நம் வழக்கங்களை இழித்து அவர்கள் எழுதிய பக்கங்களை இன்று படித்தால் கோபம் வரும். ஆயினும் மொழியைக் கற்றார்கள், காய்ச்சலில் விழுந்தார்கள், தம் குழந்தைகளை இம்மண்ணில் புதைத்தவர்களும் உண்டு. அவர்கள் கற்பித்த குழந்தை பெரியவளாகித் திருமணம் செய்து, தன் குழந்தையை அழைத்துவந்து அதே பள்ளியில் சேர்ப்பதைக் கண்டார்கள். அதைக் காண்பதற்குப் பன்னிரண்டு நாள் போதாது.

குழந்தைகளுக்குத் தொண்டு என்றால் கடல் கடந்து வந்தவர்களை மட்டும் சொல்வது நியாயமும் அன்று. அந்நாளில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலேயே இருந்த ஊருட்டம்பலம் என்றோர் ஊர் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, பஞ்சமி என்னும் புலையர் குலச் சிறுமியின் கையைப் பிடித்து அவ்வூர்ப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அவர் எழுதப் படிக்க அறியாதவர். அனுமதிக்கும் உத்தரவை அரசு பிறப்பித்திருந்தும் அக்குழந்தையை உள்ளே விடப் பொறாதவர்கள் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். அத்தீயில் தப்பிய பெஞ்சு ஒன்று இன்னும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. 2022-இல் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டன. ஒரு குழந்தையை வாசல்வரை கொண்டுபோய் விட்டது ஒரு நாள் வேலைதான். ஆனால் அந்த மனிதர் மறுநாளும் அதே ஊர்ப்பக்கத்தில் இருந்தார். அடியையும் வழக்கையும் தாங்கினார். கல்வி மறுத்தால் வயலில் இறங்கமாட்டோம் என்று தம் மக்களை நிறுத்திப் போராடினார்.

அப்படியானால் சில நாட்களுக்கு வருகிறவர் வரவே கூடாதா என்று கேட்பீர்கள். அதற்கும் இப்பகுதியிலேயே விடை உண்டு. பாறசாலையிலிருந்து அதிகத் தூரமில்லாத நெய்யூரில் மிஷன் மருத்துவமனை இருக்கிறது. அங்கே மருத்துவப் பணி 1838-இல் தொடங்கியது. 1922-இல் எவரெஸ்ட் சிகரத்தின்மேல் ஏற முயன்ற ஆங்கிலேயக் குழுவில் ஹோவர்டு சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். அம்முயற்சியில் பனிச்சரிவில் சிக்கிச் சுமை தூக்கிய எழுவர் மாண்டனர். மனம் கலங்கிய சாமர்வெல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டு நெய்யூருக்கும் வந்தார். நோயாளிகள் வரிசை நீண்டு நிற்க, தகுதி பெற்ற அறுவை மருத்துவர் ஒருவரே திணறிக்கொண்டிருக்கக் கண்டார். விருந்தினராக வந்தவர் கைகழுவிக்கொண்டு அவருக்கு உதவியாக நின்றார். நாடு திரும்பியபின் இலண்டனில் தமக்குக் காத்திருந்த பதவியை மறுத்து நெய்யூருக்கே வந்துவிட்டார். 1924-இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்று, இறங்கியபின் மறுபடி நெய்யூர். அங்கே அவர் பணி இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. பின்னர் வேலூரிலும் பணியாற்றினார்.

சாமர்வெல் எல்லோரையும்போல் ஊர் பார்க்கத்தான் வந்தார். ஆனால் வந்த இடத்தில், ஏற்கெனவே அங்கே உழைத்துக்கொண்டிருந்தவரின் சுமையைப் பார்த்தார். நோயாளிகளுக்கு வேடிக்கை காட்டவில்லை. எங்கள் விருந்தினர் டீச்சரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பன்னிரண்டு நாளும் வேறுவிதமாகக் கழிந்திருக்கும்.

தமிழர்களும் இப்படிப் போய் வந்தவர்களே. திருநெல்வேலிக்காரரான அசரியா 1902-இல் யாழ்ப்பாணத்துக்குச் சென்றார். அங்குள்ள தமிழ் இளைஞர் தாமே பொருள் சேர்த்துத் தொண்டி வட்டாரத்தில் ஊழியம் நடத்துவதை அறிந்து வெட்கினார். அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. அவரும் பின்னர் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குச் சென்று, தெலுங்கு கற்று, அங்கேயே வாழ்நாளைக் கழித்தார். 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிகளிடம் அவர் வேண்டியது நட்பு ஒன்றே. ஐதராபாத்திலும் வாரங்கல்லிலும் இருக்கும் நேயர்களுக்கு இக்கதை அருகிலேயே நடந்தது.

இனி, சற்றுக் கசப்பான ஒரு செய்தி. குழந்தைகளைக் காண விருந்தினர் வருவதே சில நாடுகளில் தொழிலாகிவிட்டது. கம்போடியாவில் 2005-இல் 153 ஆக இருந்த குழந்தைகள் இல்லங்கள் 2010-இல் 269 ஆகப் பெருகின. அக்காலத்தில் நாட்டில் அனாதைகள் பெருகவில்லை. சுற்றுலாவினரும் தொண்டர்களும் பெருகினர். அவ்வில்லங்களிலிருந்த குழந்தைகளுள் நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடிருந்தனர் என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் தெரிவித்தது. படிப்பும் சோறும் கிடைக்கும் என்று நம்பி ஏழைத் தாய் குழந்தையை அனுப்புகிறாள். வருகிறவர்களுக்குக் காட்ட அக்குழந்தை அங்கே நிற்கிறது. நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், குழந்தைகள் இல்லம் எதுவாயினும் பதிவு பெற வேண்டும் என்றும், குழந்தையை நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. உங்கள் மகனோ மகளோ வெளிநாட்டுக் குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குப் புறப்பட்டால், அங்கே இருப்போருக்குத் தாய் தகப்பன் உண்டா என்று முதலில் கேட்டறியச் சொல்லுங்கள். சொந்த நாட்டில் முன்பின் அறியாத ஒருவர் பள்ளிக்குள் நுழைந்து குழந்தைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுக்க விடமாட்டார்கள் அல்லவா? அயல்நாட்டில் மட்டும் அது எப்படி ஊழியமாகும்? வெளிநாட்டிலிருந்து நம் எல்லை ஊர்களுக்கு வரும் உறவினருக்கும் ஒன்று சொல்லுங்கள்: சுற்றுலா அனுமதியில் வந்து மதப்பணி செய்வது விதிக்கு மாறானது, அதற்கென்று தனி அனுமதி உண்டு. சிக்கல் வந்தால் விமானம் ஏறிவிடுவது வந்தவர். காவல் நிலையப் படி ஏறுவது உள்ளூர் போதகர்.

அந்தக் குழுவில் வயதான பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். பாட்டில் கலந்துகொள்ளாமல் ஓரமாக இருந்ததால் நாங்கள் அவரைப் பெரிதாக எண்ணவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அவர் மட்டும், உறவினர் ஒருவரைக் காண வந்த வழியில், தனியாக அவ்வூருக்கு வந்தார். தமிழ் எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தார். குழந்தைகளிடம் நேரே போகவில்லை. டீச்சரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தமிழிலேயே கேட்டார், உச்சரிப்பு வேடிக்கையாயிருந்தது, ஆனால் என் தயவு தேவைப்படவில்லை. அந்தக் கேள்வியை அதுவரை டீச்சரிடம் யாரும் கேட்டதில்லை. அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, படங்கள் மழையில் நனையாமல் வைக்க ஓர் அலமாரி என்றார். பிறகு, சற்றுக் கூச்சத்தோடு, மகளின் பேறுகாலத்துக்குப் போக ஒரு வாரம் விடுப்பு வேண்டும் என்றும், அந்த ஒரு வாரம் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றும் சொன்னார்.

அலமாரி அடுத்த வாரமே குழித்துறையிலிருந்து வந்து சேர்ந்தது. ஒரு வாரத்து ஆளை அந்த அம்மையாரால் தர இயலவில்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதுமா, தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிகிற பிள்ளைகளின் பேச்சுக்கு ஈடுகொடுக்க வேண்டாமா? அந்த வாரம் வகுப்பை நான் எடுத்தேன். எட்டு வயதாகியிருந்த அந்தச் சிறுமி முன்வரிசையில் இருந்தாள். முதல் நாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "அண்ணா, நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டாள். "சனிக்கிழமைவரை வருவேன். அதற்குப் பிறகு டீச்சர் வருவாங்க" என்றேன். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டு போனாள்.

இப்போது அந்த வகுப்பை நடத்துகிறவர் வேறொருவர். மே மாத விடுமுறையில் ஊருக்கு வருகிற நேயர்கள், விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் புதிய பாட்டும் பரிசுப் பொருளும் கொண்டுவருவதாக எழுதுகிறார்கள். அவரிடம் நான் விசாரித்தேன். ஏப்ரல் இறுதியில் ஒரு வாரம் அவருக்கு விடுப்பு வேண்டுமாம். இரு மொழியும் அறிந்தவராக, சொன்ன நாளில் வந்து சொன்ன நாள்வரை இருக்கிறவராக ஓர் ஆள் கிடைத்தால் நலம் என்றார்.